மணிக்கூடு யாருடையது?

2024 ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், மெரின் டிரைவில் பம்பலப்பிட்டி ரயில் நிலையத்தைத் தாண்டினதும் என்னை மறித்தார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்ற பொலிஸ்காரர் கையில் இருந்த கருவியைத் திருப்பி எனக்குக் காட்டினார். 58. அந்த இடத்தில் போகக்கூடியது 50.

நான் ஓட்டிக்கொண்டு வந்த வான் என்னுடையது இல்லை. பின்னால் நாற்பது சாப்பாட்டுப் பார்சல். கதவில் கம்பனியின் பெயர், டெலிபோன் நம்பர், கீழே ‘நேரத்துக்கு, சூடாக’ என்று சிவப்பு எழுத்து. பொலிஸ்காரர் அதைப் பார்க்கவே இல்லை. பார்க்கவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. லைசன்ஸைக் கேட்டார், கொடுத்தேன். சிங்களத்தில் எழுதினார், கையெழுத்து வைக்கச் சொன்னார், வைத்தேன். லைசன்ஸ் அவரிடம் போனது, ஒரு துண்டு என்னிடம் வந்தது. துண்டில் என்ட பெயர், என்ட விலாசம். வானின் இலக்கத்தைத் தவிர கம்பனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த இல்லாத சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் நான் ஏன் அந்த வானில் இருந்தேன் என்று சொல்லவேண்டும். அந்த வருஷம் மே 2ஆம் திகதி பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. விரிவுரை இல்லை, நூலகம் இல்லை, எப்ப திறக்கும் என்றும் தெரியாது. வீட்டில் சும்மா படுத்திருந்தால் அம்மாவின் பார்வையே தாங்காது. வெள்ளவத்தையில் எங்கட ஃபிளாட்டுக்குக் கீழ்மாடியில் இருக்கிற அண்ணா ஒருத்தர் சொல்லித்தான் கொள்ளுப்பிட்டியில் ஒரு ஒழுங்கைக்குள் இருந்த அந்தக் கடைக்குப் போனேன். உட்கார்ந்து சாப்பிடுகிற கடை இல்லை. சமைத்து, பார்சல் கட்டி, மாதக் கணக்கில் கந்தோர்களுக்குப் பகல் சாப்பாடு அனுப்புகிற இடம். ஒரு நாளைக்கு 1,500 ரூபாயும் ஒரு பார்சலும். (மீன் பொரியல் நல்லா இருக்கும். கோபத்திலும் அதை மறுக்க மாட்டேன்.)

பிழை என்னுடையது. அதில் வழக்காட வரவில்லை. பிறகு இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் என்று வைப்போம். எங்கேயும் நிற்காமல் 50இல் போனால் 6 நிமிஷம். 58இல் போனால் 5 நிமிஷமும் 10 செக்கனும். மிச்சம் பிடித்தது 50 செக்கன். அதையும் அடுத்த சந்தியில் குறுக்கே வருகிற ஒரு ஓட்டோ வாங்கிவிடும். தண்டம் 3,000 ரூபாய். 50ஆல் பிரித்தால் ஒரு செக்கன் 60 ரூபாய்.

அந்தப் பக்கம் இப்படி. இந்தப் பக்கம், வேகம் 50இலிருந்து 58 ஆகும்போது கூடுவது 16 வீதம். ஆனால் மோதினால் வெளிப்படுகிற சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதாவது ஏறத்தாழ 35 வீதம். கலைப்பீடம் என்றாலும் சாதாரண தர விஞ்ஞானம் இவ்வளவுக்கு ஞாபகம் இருக்கு. மெரின் டிரைவில் எத்தனை வயதுபோன ஆட்கள் நடக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் றோட்டைக் குறுக்கறுத்து, தண்டவாளத்தையும் தாண்டிக் கடலுக்குப் போகிறார்கள் என்று வெள்ளவத்தை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்னை மறித்தது சரி.

தண்டத்தின் விதிமுறையும் கடினமானதில்லை. எங்கட மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டினுடையது. தண்டங்கள் பலவற்றை 2018 ஜூலையில் கூட்டினார்கள். எல்லையை 20 வீதத்துக்குள் மீறினால் 3,000, அதுக்கு மேலே போகப் போகத் தொகையும் ஏறும். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசன்ஸை எடுக்கவேண்டும். 14 தாண்டினால் இரட்டிப்பு. 28 தாண்டினால் நீதிமன்றம்.

ஆனால் ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லாத 50 செக்கனுக்காக நான் ஏன் காலை அழுத்தினேன்? எனக்கு வேகம் பிடிக்காது. சொந்த அலுவலுக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்தால் பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிற அளவுக்கு மெதுவாகத்தான் போவேன். காரணம் வானின் டாஷ்போர்டில் ஒரு கிளிப்பில் மாட்டியிருந்தது. ரன்னிங் சார்ட்.

தெரியாதவர்களுக்கு: கம்பனி வாகனமோ அரசாங்க வாகனமோ, பெரும்பாலும் இப்படி ஒரு தாள் இருக்கும். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, மீற்றரில் எவ்வளவு, எங்கே போனது, எத்தனை மணிக்குத் திரும்பியது, ஓட்டினவரின் கையெழுத்து, பொறுப்பானவரின் கையெழுத்து. பெற்றோல் களவு போகாமல் பார்க்கத்தான் முக்கியமாக அது. மாத முடிவில் கூட்டிப் பார்த்து, கிலோமீற்றருக்கும் லீற்றருக்கும் பொருந்தினால் ஃபைலில் போய்விடும். நேரத்தை யாரும் கூட்டிப் பார்க்கிறதில்லை.

என்ட இரண்டாவது ட்ரிப் இப்படி இருக்கும்: வெளிக்கிடுவது 12.05, திரும்புவது 12.50, தூரம் 13 கிலோமீற்றர், ஐந்து கந்தோர். ஒவ்வொரு கந்தோரிலும் வானை எங்கேயாவது ஒதுக்கி, செக்கியூரிட்டியின் புத்தகத்தில் பெயர் எழுதி, லிஃப்டுக்கு நின்று, பார்சலைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி இறங்க, எல்லாம் நல்லபடி நடந்தால் 6 நிமிஷம். ஐந்துக்கும் 30. 45இல் 30 போனால் ஓட்டத்துக்கு மிஞ்சுவது 15 நிமிஷம். 15 நிமிஷத்தில் 13 கிலோமீற்றர் என்றால் மணிக்கு 52. உச்ச வேகம் இல்லை, சராசரி! கொழும்பில், பகல் 12 மணிக்கு, பள்ளிக்கூட வான்கள் றோட்டுக்கு இறங்குகிற நேரத்தில், 50 எல்லைக்குள் சராசரி 52. எல்லா சிக்னலும் பச்சையாக விழுந்தாலும் சட்டப்படி ஓடி அந்தத் தாளை நிரப்ப முடியாது.

அப்ப எப்படி நிரப்பினோம்? பொய் எழுதித்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற மூத்த சாரதி ஒருவர் இருந்தார், நாங்கள் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே எனக்கு அவர் சொல்லித் தந்த பாடம் கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. “தம்பி, எத்தனை மணிக்கு வந்தாலும் பன்னெண்டு அம்பதுன்னு போடுங்க. ஒன்னு பத்துன்னு போட்டா நாளைக்கு இருபது நிமிஷத்துக்குக் கணக்குக் கேப்பாங்க.” அப்படியே போட்டேன். மாதம் முழுக்க சார்ட் அழகாக இருந்தது. கீழே மெனேஜரின் கையெழுத்து, ஒரு நாளும் தவறாமல்.

பொய் எழுதினால் அவசரமாவது குறையும் என்று நினைப்பீர்கள். குறையாது. 12.30க்குக் கந்தோர்களில் பசிக்கும். ரிசெப்ஷனிலிருந்து கடைக்குக் கோல் போகும், கடையிலிருந்து எனக்குக் கோல் வரும். “எங்க நிக்கிறீங்கள் தம்பி?” என்ற அந்தக் கேள்வியைச் சாதாரணக் குரலில்தான் கேட்பார்கள். ஆனால் கால் தானாக அழுத்தும்.

தண்டத் துண்டோடு பின்னேரம் மெனேஜரிடம் போனேன். கெட்ட மனுசன் இல்லை. என்னை இருக்கச் சொன்னார், தேத்தண்ணி எடுப்பித்தார்.

“நான் உங்களை ஸ்பீடா ஓடச் சொன்னனானா தம்பி?”

“இல்லை சேர்.”

“பிறகென்ன. ஃபைன் உங்கட பேரில தானே எழுதியிருக்கு.”

உண்மைதான். ஒரு நாளும் அவர் வேகமாக ஓடு என்று சொல்லவில்லை. 12.50க்கு நில் என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவர் நம்பினார், அந்த நாள் நானும் நம்பினேன். பிறகு ஒரு உதவி போலச் சொன்னார்: கம்பனி இப்போதைக்குக் கட்டும், மாத முடிவில் என்ட காசில் கழித்துக்கொள்ளும். லைசன்ஸ் எடுக்கப் போகிற அரை நாளுக்கும் காசு இல்லை. நான் “ஓம் சேர்” என்றேன். இரண்டு நாள் உழைப்பு அப்படியே போனது, அரை நாள் அதுக்கு மேலே.

இந்த ‘ஓம்’ பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இருக்கு. முதலாளி நினைத்ததை எல்லாம் சம்பளத்தில் வெட்ட அது விடாது. எதை வெட்டலாம் என்று வரையறை உண்டு, ஊழியரின் சம்மதமும் வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரை நுனியில் இருந்து சொல்கிற ‘ஓம் சேர்’ சம்மதத்தில் சேருமா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பாதி நாள் வேலைக்குப் போகிற எங்களைப் போன்ற ஆட்களில் எத்தனை பேருக்குக் கையில் நியமனக் கடிதம் இருக்கு, அதைச் சொல்லுங்கள் முதலில்.

அண்ணேயிடம் சொன்னபோது அவருக்குத்தான் என்னைவிடக் கோபம். “கம்பனிதான் கட்டணும். நாம யாருக்காக ஓடுறோம்?” கம்பஸ் நண்பர்களும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்கள். இங்கேதான் நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. கம்பனி கட்டினால் அந்த 3,000 என்னவாகும்? பெற்றோல், டயர், சேர்விஸ் மாதிரி இன்னொரு செலவாகும். ஐந்து கந்தோரின் மாத ஓடர் போவதைவிட மாதம் ஒரு தண்டம் மலிவு என்று கணக்குப்பிள்ளை எழுதி வைப்பார். எனக்கும் பயம் போய்விடும். மெரின் டிரைவில் நடக்கிற அந்த வயதானவருக்கு அதால் ஒரு நன்மையும் இல்லை. என்ட தண்டத்தை நான் கட்டவேண்டும். ஆனால் அந்த மத்தியானம் மெரின் டிரைவில் நடந்தது ஒரு குற்றம் இல்லை, இரண்டு. இரண்டாவதைச் செய்த ஆளுக்கு யாரும் துண்டு எழுதவில்லை.

இது எனக்கு மட்டும் தோன்றின புதுக் கதை என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் பழைய கதை. அமெரிக்காவில் டொமினோஸ் பீட்சாக் கம்பனி 1980களில் முப்பது நிமிஷத்தில் பீட்சா வரும், வராவிட்டால் இலவசம் என்று வாக்குக் கொடுத்துப் பேர் எடுத்தது. பிறகு இலவசத்தை விலைக்கழிவாக மாற்றினாலும் அந்த முப்பது நிமிஷத்தை விடவில்லை. 1989இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பீட்சா கொண்டுபோன ஒரு சாரதி சிவப்பு விளக்கைத் தாண்டி ஒரு பெண்ணின் காரில் மோதினான். வழக்கு 1993 டிசம்பரில் முடிந்தது. ஜூரி தீர்ப்பளித்த தொகை 7 கோடி 80 இலட்சம் டொலருக்கும் மேல். அதில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த இழப்புக்கென்று கொடுத்தது 10 இலட்சம் டொலர்கூட வராது, மற்றதெல்லாம் கம்பனிக்குத் தண்டனையாக. சில நாட்களிலேயே கம்பனி அந்த முப்பது நிமிஷ வாக்கைக் கைவிட்டது. சிவப்பு விளக்கைத் தாண்டினது சாரதி. ஜூரி அதோடு நிற்காமல் மணிக்கூட்டை யார் மாட்டினது என்றும் பார்த்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது பிரித்தானியச் சட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன உட்பிரிவு. 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குவிதிச் சட்டம், 89ஆம் பிரிவு. வாகனம் ஓட்ட ஆட்களை வைத்திருக்கிற முதலாளி ஒரு நேர அட்டவணையைப் போட்டோ, கட்டளை கொடுத்தோ, இன்ன நேரத்துக்குள் இந்தப் பயணம் முடியவேண்டும் என்று சொல்லி, வேக எல்லையை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்க இயலாது என்றால், அந்த அட்டவணையையே அவர் சாரதியைக் குற்றத்துக்குத் தூண்டினார் என்பதற்கு முதற்தோற்றச் சான்றாகக் காட்டலாம். இதை வாசித்தபோது எனக்கு அந்த டாஷ்போர்ட் கிளிப் கண்ணுக்கு முன்னால் வந்தது. முதலாளி ‘வேகமா ஓடு’ என்று வாயால் சொல்லவேண்டியதில்லை. 12.50 என்று எழுதினால் போதும், அதுவே சொன்னதுதான். அவுஸ்திரேலியாவில் கனரக வாகனங்களுக்கு இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2014இலிருந்து பல மாநிலங்களில் இருக்கிற சட்டத்தில், பயண நேரத்தைத் திட்டமிடுகிற ஆளும் பொறுப்புச் சங்கிலியில் ஒரு கண்ணி.

எங்கட ஊரில் பேப்பர் கம்பனியின் வாசலுக்கு வருகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2024 ஜனவரி 22இலிருந்து கொழும்பில் சிசிடிவி கமெராக்களைப் பார்த்துப் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். கமெராவுக்கு முகம் தெரியாது, நம்பர் பிளேட்தான் தெரியும். அதால் சீட்டு பதிவு உரிமையாளருக்குப் போகும். அப்பாடா, இனி முதலாளி பதில் சொல்லுவார் என்று நினைக்கத் தோன்றும். எங்கட கடைக்கும் ஒன்று வந்திருந்தது, நான் சேர்வதற்கு முதல். வெள்ளைக் கோட்டைக் கடந்த குற்றம். அன்றைக்கு வானை எடுத்துக்கொண்டு போனது முதலாளியின் சொந்தக்காரப் பெடியன் என்று சமையல்கட்டில் எல்லாருக்கும் தெரியும். சார்ட்டில் அந்த நாள் வெற்று வரி. “நீங்க தானே வழமையா ஓடுறது” என்று அண்ணேயிடம் நீட்டினார்கள். கட்டினது அண்ணே. ‘யார் ஓட்டினது’ என்ற கேள்வி றோட்டில் கேட்கப்படாமல் கந்தோருக்குள் போனால், ஆகக் குறைஞ்ச சம்பளம் எடுக்கிறவர்தான் ஓட்டியிருப்பார். (வீட்டுக்குள் போனால் மனைவி. பிரித்தானிய முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூன் 2003இல் ஓடின வேகத்துக்கான புள்ளிகளை மனைவி தன் பேரில் ஏற்றார். பத்து வருஷம் கழித்து, 2013இல், இரண்டு பேரும் சிறைக்குப் போனார்கள்.)

3,000 என்ற எண்ணும் எல்லாருக்கும் ஒரே எண் இல்லை. பின்லாந்தில் வேகத்துக்கான பெரிய தண்டங்களை வருமானத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நோக்கியாவின் உயர் அதிகாரி அன்சி வான்யோக்கி 50 எல்லைக்குள் 75இல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 2002இல் 116,000 யூரோ விழுந்தது. மேன்முறையீட்டில் அது வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்லவேண்டும், பணக்காரருக்கு மேன்முறையீடும் ஓடும். இருந்தாலும் அந்த யோசனை நியாயமானது. அதே மெரின் டிரைவில் அதே 58இல் போகிற ஒரு ஜீப் சொந்தக்காரருக்கு 3,000 என்பது பின்னேரக் கோப்பியும் கேக்கும்.

மணிக்கூட்டுக்காக ஓடுகிறது நாங்கள் மட்டும் இல்லை. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்கள் இரண்டு ஒன்றையொன்று முந்தும்போது உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு சாரதியைத் திட்டாதவர் யார்? நானும் திட்டியிருக்கிறேன். அன்றைய வசூலில்தான் அன்றைய சம்பளம் என்று வைத்திருக்கிற ஆளை யாரும் திட்டுகிறதில்லை. அவர் பஸ்ஸில் இல்லை.

இப்ப 2025இலிருந்து கவ்பே மூலம் தண்டத்தைப் போனிலேயே கட்டுகிற முறை வந்துகொண்டிருக்கு. தபால் கந்தோர் வரிசையும் பொலிஸ் நிலைய வரிசையும் இல்லாமல் போவது நல்லதுதான், எனக்கு அரை நாள் மிஞ்சியிருக்கும். ஆனால் தண்டம் எவ்வளவு சுகமாகக் கட்டுப்படுகிறதோ, அது ஏன் வந்தது என்று யாரும் கேட்காமல் விடுவதும் அவ்வளவு சுகமாகும்.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம்கூட இல்லை. மறிக்கிற பொலிஸ்காரர் லைசன்ஸ் கேட்கிறார், இன்சூரன்ஸ் கேட்கிறார், வருமான அனுமதிப்பத்திரம் கேட்கிறார். வாகனம் கம்பனியினுடையது என்றால் ரன்னிங் சார்ட்டையும் கேட்கட்டும். அன்றைய பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுக்கட்டும். ஒரே கம்பனியின் வாகனம் திரும்பத் திரும்ப மாட்டினால், அந்தப் படங்களை வைத்து யாராவது ஒரு கூட்டல், ஒரு வகுத்தல் செய்து பார்க்கட்டும். நான் செய்த கணக்குக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு போதும்.

தண்டம் கட்டின அடுத்த திங்களிலிருந்து நான் சார்ட்டில் உண்மையான நேரத்தை எழுதினேன். 12.05, திரும்பியது 1.12. முதல் நாளே மெனேஜர் கூப்பிட்டார். தாளின் பின்பக்கத்தில் 30, 15, 13, 52 என்று எழுதிக் காட்டினேன். கனநேரம் பார்த்தார். “கம்பஸ் பிள்ளை தானே” என்று சிரித்தார். பிறகு கையெழுத்து வைத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு கந்தோரை மூன்றாவது ட்ரிப்புக்கு மாற்றினார்கள். இரண்டாவது ட்ரிப் 12.58, 1.01 என்று முடிந்தது. யாரும் பசியில் சாகவில்லை.

ஜூலை நடுப்பகுதிக்குப் பிறகு வேலைநிறுத்தம் முடிந்தது, கம்பஸ் திறந்தது, நான் வேலையை விட்டேன். சில மாதம் கழித்து 155 பஸ்ஸுக்கு நிற்கும்போது அண்ணே அதே வானில் போனார், ஹோர்ன் அடித்து ஓரமாக நிறுத்தினார். கந்தோர் இப்ப ஆறாம். சார்ட்டில் என்ன நேரம் போடுறீங்கள் என்று கேட்டேன்.

“பன்னெண்டு அம்பது தான் தம்பி” என்றார். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. எடுத்துக்கொண்டு போனார்.